லேயம்மா காய்ச்சிய திராட்சரசம்

பக்கத்து அறையில் டொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

ஆலயத்தின் வாங்குப் பலகைகளுக்கு இடையே ஈரச் சாக்கினால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த லேயாள் நிமிர்ந்து பார்த்தாள். எலி எதையாவது தட்டிவிட்டிருந்தால் அது உருண்டு ஓடும் சத்தமும் சேர்ந்து கேட்கும். இது ஒரே ஒரு வெடிப்பு. அதன் பின்னால், பால் பொங்கி அடுப்பில் வழிவதுபோல் மெல்லிய இரைச்சல்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போதகர் அங்கி மாற்றும் அந்தச் சின்ன அறைக்குள் போனாள். அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்த போத்தலின் தக்கை சன்னலடியில் கிடந்தது. போத்தலின் வாயிலிருந்து செந்நிற நுரை வழிந்து, வெள்ளைத் துணியின் ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் அவள் கால்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அந்த வாசனையோடு பத்து வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள் அவள். கணவனின் சட்டையில், தலையணையில், காய்ச்சல் கண்டு படுத்திருந்த பிள்ளையின் மேல் அவன் குனிந்த மூச்சில், எங்கெங்கும் அதை முகர்ந்திருக்கிறாள்.

நாளை நற்கருணைக்காக அவள் காய்ச்சி வைத்திருந்த திராட்சரசம் புளித்துப் பொங்கிவிட்டது.

ஹல்துமுல்லையிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகும் பாதைக்கு மேலே, வெள்ளக்கல் தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் இருக்கிறது அந்த மெதடிஸ்த ஆலயம். கருங்கல் சுவர், தகரக் கூரை, மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. ஞாயிறுதோறும் வருகிறவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். போதகர் பதுளையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் கணக்கப்பிள்ளை அருமைநாயகம் செபம் நடத்துவார், அவரே ஆர்மோனியமும் வாசிப்பார்.

லேயாள் அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். எல்லோருக்கும் அவள் லேயம்மா. ஆலயத்தைக் கூட்டித் துடைப்பதும், பூ வைப்பதும், நற்கருணைக்கு ரசம் காய்ச்சுவதும் அவள் வேலை. கூலி கிடையாது. ஆனால் அந்தப் போத்தலைக் கையில் ஏந்தி ஆலயத்துக்குள் போகும் சனிக்கிழமைகளில், கொழுந்துக் கூடை சுமந்து காய்த்துப்போன தன் தலையில் யாரோ கிரீடம் வைத்ததுபோல் அவளுக்கு இருக்கும். கடையில் விற்கிற வைன் அந்தச் சபையில் ஆகாது. மதுவைத் தொடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் பாதிப்பேர் அங்கே. ஆகையால் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, காய்ச்சி, பிழிந்து, வடிகட்டித்தான் ரசம் எடுப்பாள்.

அந்தக் கையெழுத்துக்காரர்களில் ஒருவர் அவள் கணவர் கந்தப்பன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். குடித்துவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் விழுந்து கிடந்த காலம் ஒன்று அவருக்கு உண்டு. எழுபதாம் ஆண்டு, வருடத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் உடன்படிக்கை ஆராதனைக்கு லேயாள் அழுது கெஞ்சி அவரை அழைத்து வந்தாள். இந்த வருடம் முழுவதும் நான் உமக்குச் சொந்தம் என்று சபை மொத்தமும் எழுந்து நின்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்து, அப்பமும் ரசமும் வாங்கும் நாள் அது. அன்று கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த கந்தப்பன் என்ன நினைத்தாரோ, எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஞானஸ்நானமும் பெற்றார். பெயரை மட்டும் மாற்றச் சம்மதிக்கவில்லை. அப்பன் வைத்த பெயரா குடித்தது, நான்தானே குடித்தேன் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. ஆனால் அவர் கணக்கு வேறு மாதிரி. வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஒரு வருசம் தாங்கும், லேயா. அடுத்த சனவரியில மறுபடி வாங்கிக்கணும்" என்பார். அடுப்புக்கு விறகு வாங்கி வைப்பதுபோல, அவருக்கு அந்த ஆராதனை.

இந்த எழுபத்தைந்தாம் ஆண்டு சனவரியில் மழை அந்த ஆராதனையைத் தள்ளிப் போட்டது. முதல் ஞாயிற்றுக்கு முந்தின இரவு மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. பதுளை பஸ் ஓடவில்லை. போதகர் வரவில்லை. காய்ச்சிய ரசம் அலமாரியில் இருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. கந்தப்பனுக்கு நிலைகொள்ளவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்து போவார். வேலை முடிந்து வரும்போது சாராயத் தவறணைப் பக்கத்துப் பாதையை விட்டு, மேட்டுப் பாதையாகச் சுற்றி வந்தார். இதற்கிடையில் அவருடைய பழைய கூட்டாளி வீரசிங்கத்துக்கு, இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக நாள் குறித்தாகிவிட்டது. வருகிற வியாழன் தலைமன்னார் ரயில், அங்கிருந்து கப்பல். போவதற்கு முன் ஒருதரம் உட்கார்ந்து குடிக்காமல் போகமாட்டேன் என்று அவன் காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களத்திலேயே சொல்லியிருந்தான்.

நாளைக்கு ஆராதனை நடந்தே ஆகவேண்டும். அவர் அந்த வாக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். ஆனால் இந்தப் போத்தல்?

லேயாள் குடையை எடுத்துக்கொண்டு ஹல்துமுல்லைக்கு நடந்தாள்.

ஹாஷிம் நானாவின் கடையில் அன்று மாவும் இல்லை, சீனியும் இல்லை. கப்பலில் சாமான் வருவது நின்றுபோன காலம். இரண்டு வாரத்துக்கு முன் அவளுக்குக் கிடைத்த திராட்சையே, ஹாஷிமின் மனைவி ஸவாஹிரா ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று ஒளித்து வைத்திருந்ததில் மிஞ்சியது. ஹாஷிம் தகர டப்பாவைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். ஒரு காம்பு விழுந்தது.

"வெலிமடயில பீட்ரூட் குமிஞ்சி கெடக்கு, லேயம்மா. நெறத்துக்கு அது போதாதா?"

"நெறத்துக்காகவா நானா நாங்க குடிக்கிறோம்?"

ஹாஷிம் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளே போய் ஒரு கித்துள் கருப்பட்டித் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அந்தக் கருப்பட்டிதான் அவள் புத்திக்கு வழி காட்டியது, கெட்ட வழி.

புளித்ததைக் காய்ச்சினால் போதை ஆவியாகிப் போய்விடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஆலயத்தின் பின்புறத் தேநீர் அடுப்பில் போத்தலைச் சட்டியில் கவிழ்த்து, கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம், கருப்பட்டி கரையும் அளவுக்குத்தான் சூடு ஏறியது. வெளிச்சமும் மங்கிக்கொண்டு வந்தது. குனிந்து முகர்ந்தாள். கருப்பட்டி மணந்தது. அதற்கடியில் மற்றது இருந்ததோ இல்லையோ, இல்லை என்று நம்பவே அந்தப் பேதை நெஞ்சு விரும்பியது. ஆராதனைக்கு முன் அதை வாயில் வைப்பது பாவம் என்று நினைப்பவள். ருசி பார்க்கவில்லை. வடிகட்டி, தக்கையை இறுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தது. முதல் பஸ்ஸில் போதகர் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்து இளைஞர், புதிதாக வந்தவர், கால்சட்டையில் முழங்கால்வரை சேறு. கம்பளிகளையும் குடைகளையும் விறாந்தையில் போட்டுவிட்டுச் சனங்கள் உள்ளே வந்தார்கள். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். கந்தப்பன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். காணிக்கைத் தட்டு பிடிக்கும் வேலை அவருடையது.

வாக்குக் கொடுக்கும் நேரம் வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். கந்தப்பனின் குரல் தனியாகக் கேட்டது. லேயாள் கண்களை மூடிக்கொண்டாள். அப்பாடா, வாங்கிக்கொண்டார் என்று அவள் உள்ளம் இளகியது.

ஆண்கள் முதலில் போய்ப் பீடத்தின் கிராதியருகே முழந்தாளிட்டார்கள். போதகர் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டு போனார். பிறகு சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய மரத்தட்டு வந்தது. ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்தார்கள். தட்டு கந்தப்பனிடம் வந்து நின்றது. அவர் கை நீண்டது. கிண்ணத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அந்த முதுகு விறைத்ததைப் பின்னாலிருந்த லேயாள் கண்டாள். கிண்ணம் மெதுவாகத் தட்டுக்குத் திரும்பியது. கந்தப்பன் கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சபையில் அதற்கு ஒரே பொருள்தான். பகையோடு இருப்பவன், அல்லது பாவத்தில் விழுந்தவன், கிண்ணத்தை விட்டுக்கொடுப்பான். பெண்கள் வரிசையில் ஒரு முணுமுணுப்பு காற்றுப்போல் ஓடியது. குடியை விட்டவன் கிண்ணத்தை விட்டால் என்ன அர்த்தம்? யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அடுத்துப் பெண்கள் போனார்கள். லேயாளின் முறையும் வந்தது. கிண்ணத்தை வாயில் சாய்த்தாள். முதலில் கருப்பட்டி இனித்தது. பிறகு தொண்டையில் ஒரு சின்ன நெருப்பு இறங்கியது. மற்றவர்கள் எழுந்த பிறகும் அவள் முழந்தாளிலேயே இருந்தாள். பக்கத்திலிருந்த பெரியாயி, பல்லில்லாத கிழவி, முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

விறாந்தைக்கு வந்ததும் அதே பெரியாயி காதோடு சொன்னாள்: "இந்த வருசம் ஒன் ரசம் நெஞ்சுக்குள்ள வெதுவெதுன்னு எறங்குச்சு, லேயம்மா. ஆண்டவரு கிட்ட வந்து குந்துன மாதிரி இருந்துச்சு."

அங்கே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை அருமைநாயகம் கந்தப்பனைத் தூணோரம் அழைத்துப் போனார். கெட்ட மனிதரில்லை. வருத்தத்தோடுதான் பேசினார். இனிக் காணிக்கைத் தட்டை வேறு யாராவது பிடிக்கட்டும் என்றும், மனம் திரும்பினால் மறுபடி பார்ப்போம் என்றும் சொன்னார். எப்போதிருந்து ஆரம்பித்தாய் என்று கேட்டார். தட்டில் இருந்தது சாராயத்துக்கு அண்ணன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கந்தப்பன் தப்பியிருப்பார். சொல்லவில்லை. சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, சூடாக இருந்த தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு மேட்டில் ஏறினார்.

லேயாள் பின்னால் ஓடிப் பிடித்தாள். சவுக்கு மரத்தடியில் இருவரும் நின்றார்கள்.

"ஏங்க சொல்லல?"

"என்னத்த சொல்ல? சொன்னா ஒங்கையில இருந்து போத்தல வாங்கிப்புடுவாங்க. ஒனக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்."

"அதுக்காக நீங்க குடிகாரப் பேரு வாங்குறதா?"

"புதுசாவா வாங்குனேன்? பழைய பேருதானே" என்று சொல்லி அவர் நடந்தார். அந்த மனிதர் சிரிக்க முயன்றது அவளுக்கு அழுகையைவிடக் கொடுமையாக இருந்தது.

லேயாள் கீழே திரும்பி ஓடினாள். ஆலயம் காலியாகியிருந்தது. போதகர் அங்கி மாற்றும் அறையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தக்கை தெறித்ததையும், கருப்பட்டியையும், ஈர விறகையும், தூணோரம் நடந்ததையும். மிச்சமிருந்ததை எடுத்துப் போதகர் கொஞ்சம் நாவில் விட்டுப் பார்த்தார். அவர் பிறந்த நாளிலிருந்து மதுவை அறியாதவர்.

"நான் ஏதோ கருப்பட்டி ருசி எண்டுதான் நினைச்சன், அம்மா. கொடுத்தது என்ர கைதான்."

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவள்மேல் கோபிக்கவில்லை. மீதியை இருவருமாக வெளியே கொண்டுபோய் மண்ணில் ஊற்றினார்கள். அடுத்த மாதம் வரும்போது சபைக்கு முன்னால் தானே சொல்வதாகவும், ரசம் காய்ச்சும் வேலை அவளிடமே இருக்கும், ஆனால் பஸ் வந்து சேர்ந்த செய்தி கிடைத்த பிறகே அடுப்பு மூட்டவேண்டும் என்றும் சொன்னார். (அப்படியே அவள் பிறகு பல வருடம் செய்தாள். எண்பதுகளில் பாதி வாங்குகள் காலியாகி, கிண்ணங்கள் அதிகமாகவும் கைகள் குறைவாகவும் போன நாட்களிலும், பஸ்ஸின் ஆரன் சத்தம் கேட்டபிறகுதான் அந்த அடுப்பு புகையும்.)

ஆனால் அடுத்த மாதம் என்பது வெகுதூரம். கணக்கப்பிள்ளை அதற்குள் பஸ் ஏறி மகளைப் பார்க்க வெலிமடைக்குப் போய்விட்டார். கந்தப்பன் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்ற செய்தியோ மத்தியானச் சோற்றோடு லயம் லயமாக ஏறிவிட்டது.

பொழுது சாயும் நேரம் வீரசிங்கம் வந்தான். வாசலிலேயே செருமினான். கோட்டுக்குள் ஒரு பக்கம் புடைத்திருந்தது.

கந்தப்பன் அடுப்படி ஓரமாகச் சாக்கில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. வீரசிங்கம் வந்து எதிரில் குந்தி, போத்தலை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தான். வியாழக்கிழமை ரயில், அங்கே கரையேறினால் எந்த முகாமோ எந்த ஊரோ தெரியாது, அக்கா பிள்ளைகள்கூட வேறு ஊருக்கு எழுதப்பட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னான். இடையிடையே சிரித்தான். அவன் கண்கள் சிரிக்கவில்லை.

"ஒரு மொடக்குடா, கந்தா. இனி எங்க பாக்கப்போறோம்? அதான் சாமிகிட்டயும் இந்த வருசம் வாங்கிக்கலையாமே. ஒன்ன கட்டி வச்சிருக்கிறது என்ன?"

கந்தப்பன் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். லேயாள் கதவோரம் நின்றாள். இவர் வாக்கை வாங்கினார், அதற்கு முத்திரையான ரசத்தை வாங்கவில்லை. முத்திரையை நான்தான் கெடுத்தேன். இப்போது இவர் கை நீண்டால் அந்தக் கையை நான் எந்த முகத்தோடு தடுப்பேன்?

"லேயா, ரெண்டு கோப்ப கொண்டா" என்றார் கந்தப்பன்.

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டா."

கொண்டுவந்து வைத்தாள். கந்தப்பன் பின்னால் திரும்பினார். அடுப்பிலிருந்த கேத்திலைத் துணியால் பிடித்துத் தூக்கி, இரண்டிலும் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினார். ஒன்றைக் கூட்டாளியின் பக்கம் தள்ளினார்.

"குடி. கருப்பட்டி இல்ல. நேத்தே தீந்துபோச்சு."

லேயாளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அந்தச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, வீரசிங்கத்திடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவன் வாயில் ஒரு செய்தி விழுந்தால் பெரட்டுக்களத்தில் காலையில் கொம்பு ஊதுவதற்குமுன் எல்லா லயத்துக்கும் போய்ச் சேரும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். ரசம் காய்ச்சத் தெரியாதவள் என்று தோட்டமே சிரிக்கட்டும், சிரித்துவிட்டுப் போகட்டும்.

வீரசிங்கம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தான். முதலில் அவன் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தான்.

"கூட்டாளி பொண்டாட்டின்னு இத்தன வருசம் மரியாதையா இருந்தேன். கோயிலுக்குள்ளயே கடை போட்டிருக்கியே, அண்ணி."

கந்தப்பனும் சிரித்தார். அந்த நாளில் அவர் முகத்தில் முதல் வெளிச்சம் அது.

சிரிப்பு அடங்கியபின் வீரசிங்கம் தன் போத்தலைப் பார்த்தான். "சாமி தட்டுல வந்ததையே வேணாம்னுட்ட. நா கொண்டாந்ததா பெரிசு?"

"கிண்ணத்த வைக்கிறப்ப பயமாத்தான் இருந்துச்சு" என்றார் கந்தப்பன். "வச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. வாங்குனாத்தான் வாக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். வைக்கிறதும் அதுதான்."

வீரசிங்கம் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். போத்தலைக் கோட்டுக்குள் வைத்து எழுந்தான். கந்தப்பனும் எழுந்தார். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இளந்தாரிப் பருவத்திலிருந்து ஒரே மலையில் ஒரே நிரையில் கவ்வாத்து வெட்டியவர்கள். இந்தப் பிறவியில் இனி ஒருவர் முகத்தை ஒருவர் காணப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"வாறேன், அண்ணி. அங்க போயி ஒரு கோயிலக் கண்டா ஒன் ரசத்த நெனச்சுக்கிறேன்."

"பாத்துப் போங்க தம்பி" என்றாள் லேயாள்.

கந்தப்பன் வாசற்படிவரை போனார். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. லயத்துக் கோடியில் வீரசிங்கம் ஒருதரம் நின்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, தேயிலைக்குள் இறங்கும் பாதையில் மறைந்தான்.

கந்தப்பன் குடித்த காலத்தில் அந்தக் கதவை லேயாள் ஒருநாளும் தாழ்போட்டதில்லை. எந்த நேரம் வருவாரோ, யார் தூக்கி வருவார்களோ என்று திறந்தே வைத்துக் காத்திருப்பாள். இன்று அவர் உள்ளே வந்து, ஈரத்தில் உப்பிப்போன பலகையைத் தோளால் அழுத்தி, தாழ்ப்பாளைத் தானே போட்டார்.

"பசிக்குது, லேயா" என்றார்.